விபத்துக்கு முன்பே தொடங்கும் துணை: பைப்பர் ஆல்ஃபாவும் ராணா பிளாசாவும்

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில், வட கடலில் நின்றுகொண்டிருந்தது பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6 அன்று இரவு அதில் 226 பேர் இருந்தார்கள். விடிவதற்குள் அவர்களில் 165 பேர் உயிரிழந்தனர். காப்பாற்றப் போன சிறு படகில் இருந்த இருவரையும் சேர்த்தால் மொத்தம் 167 பேர். பிழைத்த 61 பேரில் பலர் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தாங்களாகவே வழி தேடியவர்கள். கயிற்றையும் குழாயையும் பற்றிக்கொண்டு இறங்கினார்கள். சிலர் ஹெலிகாப்டர் தளத்திலிருந்தே, ஐம்பது மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து, கடலில் குதித்தார்கள். சொல்லிக்கொடுத்தபடி தங்குமிடத்தில் கூடி, ஹெலிகாப்டர் வரும் என்று நம்பிக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள்.

பணியிடப் பேரிடர்களில் ஊழியர்களுக்கு எப்படித் துணை நிற்பது என்பதை நிறுவனக் கையேடுகள் முன்பு, நடுவில், பின்பு என்று மூன்று சம பாகங்களாகப் பிரித்து எழுதுகின்றன. நடைமுறையில் இந்த மூன்றும் சமமாக இருப்பதில்லை. முதல் பாகத்தில் விட்ட குறையை அடுத்த இரண்டு பாகங்களில் ஈடுசெய்ய முடிவதே அரிது. பைப்பர் ஆல்ஃபாவையும், அதற்கு 25 ஆண்டுகளுக்குப் பிறகு வங்கதேசத்தில் இடிந்து விழுந்த ராணா பிளாசாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். ஒன்று பணக்கார நாட்டின் எண்ணெய்த் தொழில், மற்றொன்று ஏழை நாட்டின் தையல் தொழில். ஆனால் தொழிலாளி கைவிடப்பட்ட இடங்கள் இரண்டிலும் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோல் இருக்கின்றன.

பைப்பர் ஆல்ஃபாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எரிவாயுவிலிருந்து பிரியும் கண்டன்சேட் என்ற திரவத்தைக் குழாயில் தள்ள இரண்டு பம்புகள் இருந்தன. அவற்றில் ஒன்றைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். அதனுடன் இணைந்த பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். பகல் ஷிப்ட் முடியும் மாலை ஆறு மணிக்குள் வால்வைத் திரும்பப் பொருத்த முடியவில்லை. திறந்த வாயில் ஒரு மூடித் தகட்டை வைத்துவிட்டுப் போனார்கள். இரவு சுமார் 9.45 மணிக்கு ஓடிக்கொண்டிருந்த பம்ப் நின்றுபோனது. இரவு ஷிப்ட்டினர் மற்ற பம்புக்கான பணி அனுமதிச் சீட்டை எடுத்துப் பார்த்தார்கள். பராமரிப்பு வேலை இன்னும் தொடங்கவில்லை என்று தெரிந்ததால் அதை இயக்க முடிவு செய்தார்கள். வால்வு கழற்றப்பட்டதைச் சொல்லும் இரண்டாவது சீட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. ஷிப்ட் மாறும்போது யாரும் வாய்மொழியாகவும் சொல்லவில்லை. பத்து மணிக்கு முதல் வெடிப்பு நிகழ்ந்தது.

இதை ஒரு தொழில்நுட்பத் தவறு என்று மூடிவைத்துவிடலாம். ஆனால் ஷிப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடம் ஒழுங்காக நடப்பதுதான் இரவுத் தொழிலாளிக்கு நிறுவனம் தரும் முதல் பாதுகாப்பு. தான் தொடப்போகும் இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். சீட்டில் இருப்பது ஒன்றும் இடத்தில் இருப்பது வேறொன்றுமாக இருந்தால், பின்னால் எத்தனை மனநல ஆலோசகர்களை அனுப்பினாலும் பயன் சொற்பமே.

தீயணைப்பு பம்புகளின் கதை இன்னும் கசப்பானது. கடலில் மூழ்கிப் பணிபுரியும் நீர்மூழ்கு வீரர்கள் பம்பின் உறிஞ்சு வாயில் இழுக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக, அவர்கள் நீரில் இருக்கும் நேரத்தில் டீசல் பம்புகளைத் தானியங்கி நிலையிலிருந்து மாற்றிவைப்பது வழக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் பைப்பர் ஆல்ஃபாவில், வீரர்கள் உறிஞ்சு வாயருகே இருக்கிறார்களா இல்லையா என்று பாராமல், இரவு முழுவதும் அப்படியே வைக்கும் பழக்கம் ஊறிப்போயிருந்தது. பக்கத்து மேடையான கிளேமோரில் வாயருகே வேலை நடக்கும்போது மட்டும் மாற்றினார்கள். ஆகவே பைப்பரில் தீப்பிடித்தபோது பம்புகள் தாமாக ஓடவில்லை. கையால் இயக்கப் போனவர்களால் அவற்றை நெருங்கவும் முடியவில்லை.

ஏன் யாரும் முன்பே கேட்கவில்லை? மேடையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். குறை சொன்னவர் அடுத்த முறை ஹெலிகாப்டரில் ஏற வேண்டியதில்லை என்று தகவல் வரும். ‘திரும்ப வரத் தேவையில்லை’ என்ற அந்த ஒற்றை வரி வட கடலில் எல்லோரும் அறிந்தது. காரணம் சொல்லப்படாது, மேல்முறையீடும் கிடையாது. வாயைத் திறந்தால் வேலை போகும் என்ற இடத்தில் புகார்ப் பெட்டி வைப்பது சுவருக்கு அழகு சேர்ப்பதோடு சரி.

இதே அச்சத்தை அதைவிடக் கொடிய உருவில் ராணா பிளாசாவில் காணலாம். டாக்காவை அடுத்த சாவரில் இருந்த அந்தப் பல மாடிக் கட்டடத்தில் ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளும், கீழ்த்தளங்களில் கடைகளும் ஒரு வங்கிக் கிளையும் இருந்தன. 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களிலும் சுவர்களிலும் விரிசல் தெரிந்தது. எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் வங்கி ஊழியர்கள் வரவில்லை, வர வேண்டாம் என்று வங்கி சொல்லிவிட்டது. கடைகளும் திறக்கவில்லை. தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும் என்று மிரட்டினார்கள். மாதக் கடைசியில், வாடகையும் மளிகைக் கடனும் கழுத்தை நெரிக்கும் நாளில், ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க யாரால் முடியும்? காலையில் மின்சாரம் போனது. மேல் தளங்களில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஒன்பது மணிக்குச் சற்று முன்பு கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காயங்களோடு மீட்கப்பட்டார்கள்.

ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியருக்கும் தையல்காரப் பெண்ணுக்கும் இடையே இருந்த வேறுபாடு பாதுகாப்புப் பயிற்சியில் இல்லை. ஒரு நாள் வராமல் இருந்தாலும் சம்பளம் வரும் என்ற உறுதி ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. அடுத்த மாதமே உலக ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்பாட்டில் இது சரியாகப் பிடிபட்டது. ஆபத்தான கட்டடத்துக்குள் நுழைய மறுக்கும் உரிமை அதில் எழுதப்பட்டது. பழுது பார்ப்பதற்காகத் தொழிற்சாலையை மூடினால் ஆறு மாதம் வரை ஊதியம் தொடர வேண்டும் என்றும் எழுதப்பட்டது. இரண்டாவது விதி இல்லாமல் முதல் விதி வெறும் காகிதம். அந்த உடன்பாட்டின் மிகப் பெரிய சாதனை ஆய்வாளர்களை அனுப்பியது என்று பலர் எழுதுகிறார்கள். மறுப்பதற்கான கூலியைக் கணக்கில் சேர்த்ததே பெரிய சாதனை என்பேன்.

இனி பேரிடர் நடக்கும் அந்த நேரத்துக்கு வருவோம். பைப்பர் ஆல்ஃபாவில் ஏறத்தாழ நூறு பேர் சாப்பாட்டுக் கூடத்தில் கூடினார்கள். தளத்தில் தீயும் புகையும் சூழ்ந்ததால் ஹெலிகாப்டர் இறங்க வழியில்லை. உயிர்காப்புப் படகுகளை அடையவும் வழியில்லை. ஒலிபெருக்கியில் எந்த அறிவிப்பும் வரவில்லை. மேடையின் மேலாளர் தெளிவான ஆணை எதையும் தரவில்லை. நிகழ்வை விசாரித்த நீதிபதி கல்லன், தங்குமிடத்திலிருந்து ஆட்களை வெளியே நடத்திச் செல்ல யாராவது முன்முயற்சி எடுத்திருந்தால் அங்கு இறந்தவர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்திருக்கும் என்ற முடிவுக்கு வந்தார். புதிதாக வந்தவர்களுக்குப் படகு எங்கே, மாற்று வழி எங்கே என்று காட்டும் அறிமுகமே அரைகுறையாக இருந்தது என்பதும், ஒத்திகைகள் ஒழுங்காக நடக்கவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தன.

குழாய்களால் இணைக்கப்பட்டிருந்த டார்ட்டன், கிளேமோர் மேடைகளில், பைப்பர் எரிவது கண்ணுக்குத் தெரிந்த பிறகும் உற்பத்தி சிறிது நேரம் தொடர்ந்தது. நிறுத்தும் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொள்ள அங்கிருந்த மேலாளர்கள் தயங்கினார்கள். நிறுத்தினால் மறுபடி ஓட்டத் தொடங்க ஆகும் செலவு அவர்கள் தலையில் உட்கார்ந்திருந்தது. 10.20க்கு டார்ட்டனிலிருந்து வந்த எரிவாயுக் குழாய் வெடித்தபின் தீ கட்டுக்கு மீறிப்போனது. நெருக்கடியில் ஊழியருக்கு வேண்டியவை எளிய விஷயங்கள்: தெளிவாகப் பேசும் ஒரு குரல், யாரையும் கேட்காமல் நிறுத்தலாம் என்ற அதிகாரம் ஒருவர் கையில், ‘நிறுத்தியது தவறு என்று பிறகு தெரிந்தாலும் உன்மேல் நடவடிக்கை இல்லை’ என்ற முன்வாக்கு. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வேலை செய்வதில்லை.

உதவ ஓடுபவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சாண்ட்ஹேவன் கப்பலின் மீட்புப் படகில் சென்று இறந்த இருவர் பைப்பரின் ஊழியர்களே இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்திலும், முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள் பலர் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினார்கள். ஆபத்தில் ஓடி உதவுவது மனித இயல்பு. அதைத் திட்டிப் பயனில்லை. எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டுவதற்கு முன் யாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சுற்றுப்புறத்துக்கும் சொல்லிவைப்பது நிர்வாகத்தின் வேலை.

விபத்து நடந்த முதல் சில மணி நேரங்களில் குடும்பங்களுக்கு வேண்டியது ஆறுதல் மொழி அன்று. ‘அவர் உள்ளே இருந்தாரா?’ என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். எண்ணெய் மேடைக்கு ஒவ்வொருவரும் பெயர் பதிந்து ஹெலிகாப்டரில் போவதால் 226 என்ற எண் உடனே கிடைத்தது. ராணா பிளாசாவில் அப்படி நம்பத்தக்க ஒற்றைப் பட்டியல் இல்லை. புகைப்படங்களைக் கையில் ஏந்தி உறவினர்கள் வாரக்கணக்கில் அலைந்தார்கள். பல உடல்களை மரபணுச் சோதனையால்தான் அடையாளம் காண வேண்டியிருந்தது. 2021 மே மாதம் டவ்தே புயலில் மும்பை கடற்பகுதியில் மூழ்கிய பி-305 மிதவைக் கலத்திலும் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கும் சில உடல்களுக்கு மரபணுச் சோதனை தேவைப்பட்டது. அன்றாட வருகைப் பதிவேட்டின் ஒரு நகல், ஒவ்வொருவரின் வீட்டுத் தொலைபேசி எண்ணோடும், தொழிற்சாலைக்கு வெளியே வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். அலுவலக அறையோடு சேர்ந்து எரிந்துபோகும் பதிவேடு யாருக்கும் உதவாது. ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவர், அன்று மட்டும் வந்த லாரி ஓட்டுநர், கேன்டீன் பையன் என்று எல்லோர் பெயரும் அதில் வேண்டும். செய்தி சொல்ல ஒருவரை நேரில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தொலைக்காட்சியின் அடிவரியில் கணவன் பெயரைப் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது.

அடுத்து மனநல உதவி. இங்கே நல்லெண்ணம் தடம் மாறுவது அதிகம். 1980களிலும் 90களிலும், அதிர்ச்சிக்கு ஆளானவர்களை ஓரிரு நாட்களுக்குள் உட்காரவைத்து, நடந்ததை முழுவதும் விவரிக்கச் சொல்லி மனத்திலிருந்து இறக்கிவைக்கும் ஒற்றை அமர்வு முறை பரவலாக இருந்தது. கேட்பதற்கு நியாயமாகவே படும். வேல்ஸில் தீக்காயம் பட்டவர்களிடம் நடத்தி 1997இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. 13 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, அந்த அமர்வில் பங்கேற்றவர்களில் 26 சதவீதம் பேருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு இருந்தது. பங்கேற்காதவர்களில் 9 சதவீதம் பேருக்கு மட்டுமே இருந்தது. இரு தரப்பினரும் தொடக்கத்தில் முற்றிலும் ஒரே அளவு பாதிப்புடன் இருக்கவில்லை என்ற விமர்சனம் உண்டு. ஆனால் பிறகு வந்த தொகுப்பாய்வுகளும் இந்த முறையால் பலன் இல்லை என்றே கூறின. உலக சுகாதார அமைப்பும் இன்று இதைப் பரிந்துரைப்பதில்லை. மாறாக, அந்த அமைப்பு 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, பார்ப்பது, கேட்பது, இணைப்பது என்ற மூன்றைச் சொல்கிறது. யாருக்கு உடனடித் தேவை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேச விரும்பினால் கேட்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது. தண்ணீர், போர்வை, மருத்துவர், குடும்பம், தகவல் ஆகியவற்றோடு இணைத்துவிட வேண்டும். ஊரில் இழவு வீட்டுக்குப் போகும் பெரியவர்கள் வகுப்பு எதுவும் போகாமல் செய்துவருவதும் ஏறக்குறைய இதுதான்.

பைப்பர் ஆல்ஃபாவிலிருந்து இதற்கு ஓர் அரிய சான்று கிடைக்கிறது. கடலடியில் கிடந்த தங்குமிடப் பகுதியை 1988 இலையுதிர் காலத்தில் மேலே தூக்கினார்கள். அதற்குள் 87 உடல்கள் இருந்தன. மாதக்கணக்கில் நீரில் கிடந்த உடல்களை எடுத்து அடையாளம் காணும் வேலை காவலர்கள்மேல் விழுந்தது. அபர்தீனைச் சேர்ந்த மனநல ஆய்வாளர் டேவிட் அலெக்சாண்டர், வேறொரு நோக்கத்துக்காக அந்தக் காவலர்களின் மனநிலையை விபத்துக்கு முன்பே அளந்து வைத்திருந்தார். எனவே முன்பும் பின்பும் ஒப்பிட வழி இருந்தது. பெரும் பாதிப்பு இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அப்படித் தெரியவில்லை. வேலை ஒழுங்குபடுத்தப்பட்ட விதமும், நிர்வாகத்தின் அணுகுமுறையும், அவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்துச் சமாளித்ததும் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆய்வு கருதியது. பிணங்களோடு நாள் முழுதும் நின்றவர்களையும் நல்ல நிர்வாகம் தாங்கிப்பிடிக்க முடிந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தப்பியவர்களின் நிலை வேறு. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகியபின் அவர்களைத் தேடிப்போன ஆய்வில் 36 பேர் நேர்காணலுக்கு ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 21 சதவீதம் பேருக்கு அப்போதும் மனஅழுத்தக் கோளாறு நீங்கவில்லை. உடல் காயம் பட்டவர்களிடமும், ‘அவன் போனான், நான் மட்டும் ஏன் இருக்கிறேன்’ என்ற குற்ற உணர்வில் வெந்தவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. சிலருக்குப் புதிய வேலை கிடைப்பதே கடினமாயிற்று. கடல் தொழிலில் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு, விபத்தில் தப்பியவன் ராசியில்லாதவன் என்று. அதைவிடவும், அவனைப் பார்க்கும்போதெல்லாம் மற்றவர்களுக்கு ஆபத்து நினைவுக்கு வரும் என்ற சங்கடம். மனநல ஆலோசனைக்குக் கட்டணம் தந்துவிட்டு வேலையை மறுத்தால் கொடுத்த ஆலோசனை எதற்கு?

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ராணா பிளாசா இடிந்தபோது வங்கதேசச் சட்டப்படி ஓர் உயிருக்கான இழப்பீடு ஒரு லட்சம் டாகா (அந்நாட்டு நாணயம்) மட்டுமே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நடுவராக நின்று அமைத்த நிதியில், இழந்த வருமானத்தையும் சார்ந்திருப்போரையும் கணக்கிட்டுத் தொகை தீர்மானிக்கப்பட்டது. மூன்று கோடி டாலர் இலக்கு நிறைவேற 2015 ஜூன் வரை, அதாவது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நிறுவனங்கள் விரும்பினால் தரலாம் என்ற முறையில் அமைந்ததால் வந்த தாமதம் அது. 2022இல்தான் அங்கே வேலைக்காயக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று சோதனை அடிப்படையில் தொடங்கியது.

இந்தியாவில் சட்டம் பழையது, கணக்கும் தெளிவானது. 1923இல் வந்து இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டிருக்கும் ஊழியர் இழப்பீட்டு விதிப்படி, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்குரிய காரணி 184.17. கணக்கில் கொள்ளப்படும் உச்சச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்தால், 7,500 பெருக்கல் 184.17, அதாவது 13,81,275 ரூபாய். பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மரணமடைந்த ஊழியருக்கான தொகையைக் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது சட்டப்படி இழப்பீடு ஆகாது. அதற்கென உள்ள அதிகாரியிடம் செலுத்த வேண்டும், அவர்தான் வாரிசுகளுக்குப் பிரித்துத் தருவார். ஈமச்சடங்கு முடிவதற்குள் ஒரு வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கிப் போகிறவர்களிடமிருந்து குடும்பத்தைக் காப்பதற்காகவே அந்த விதி. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயில் பதிவு செய்யப்பட்ட தொழிலாளி என்றால் வழி வேறு. பணியில் ஏற்பட்ட காயத்தால் இறந்தவரின் ஊதியத்தில் 90 சதவீதத்தை அடிப்படையாகக் கொண்டு குடும்பத்துக்கு மாதாந்திர உதவி கிடைக்கும். நிர்வாகத்தின் நல்லெண்ணம் உண்மையென்றால், மலர்வளையத்தோடு போகும் அதிகாரி இந்த விண்ணப்பப் படிவத்தையும் கொண்டுபோய், நிரப்பித் தந்து, வங்கிக் கணக்கில் பணம் ஏறும் வரை பின்தொடரலாம்.

துணை எத்தனை நாள் தேவைப்படும் என்பதை விபத்தின் நாட்காட்டியே சொல்லிவிடும். கல்லன் விசாரணை 180 நாட்கள் சாட்சிகளைக் கேட்டது. தப்பியவர்கள் அந்த இரவை மறுபடி நீதிபதியின் முன் சொல்ல வேண்டியிருந்தது. 1990 நவம்பரில் வெளிவந்த அறிக்கை 106 பரிந்துரைகளைத் தந்தது. அதற்குள் இரண்டு நினைவு நாட்கள் கடந்திருந்தன. முதல் வாரத்தில் குவியும் கவனிப்பு, சாட்சிக்கூண்டில் ஏறும் மாதத்திலும் முதலாண்டு நினைவு நாளிலும் பழைய இயந்திரத்தருகே திரும்ப நிற்கும் முதல் ஷிப்ட்டிலும் கிடைக்க வேண்டும். அதற்கு அவர் எங்கே இருக்கிறார் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பத்தாண்டு கழித்துப் பைப்பர் ஆல்ஃபாவில் தப்பியவர்களில் 59 பேரைத் தேடிய ஆய்வாளர்கள் 46 பேரைத்தான் கண்டுபிடித்தார்கள். மேடையில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு அன்று இரவே பட்டியல் இருந்தது. பிழைத்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்பதற்கும் ஒரு பட்டியல் வைத்திருக்க யாருக்காவது ஊதியம் தரப்பட்டிருந்தால் மீதி 13 பேரும் கிடைத்திருக்கலாம்.